‘ஒண்ணும் இல்ல’ன்னு சொன்னா விட்டுடணுமா, கேக்கணுமா?

தக்கலைக்காரன்_ஷார்ஜா:
எல்லாருக்கும் வணக்கம். ஊரு தக்கலை பக்கம், ஷார்ஜாவுல வேலைக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு. வீட்டுல அம்மை, மனைவி, ரெண்டு வயசு பிள்ளை. தெனமும் டூட்டி முடிஞ்சு இங்க ஒம்பதரைக்கு கூப்பிடுவேன், ஊருல அப்போ பதினொண்ணு, பிள்ளைய உறக்கிட்டு அவளும் பாதி தூக்கத்துல இருப்பா. போன ஞாயித்துக்கிழமை பேசும்போ ‘இன்னைக்கும் மீன்கறி சரியில்லன்னு மாமி சொல்லிட்டாங்க’ன்னா, எங்க அம்மையத்தான் சொல்லுதா. நான் உடனே ‘ஒரு துண்டு கொடம்புளி கூட போட்டா சரியாயிடும்ல’ன்னேன். ‘சரி, ஒண்ணும் இல்ல’ன்னு சொல்லி வச்சிட்டா. இன்னையோட அஞ்சு நாளு, என்ன கேட்டாலும் ‘ம்’, ‘சரி’, ‘ஒண்ணும் இல்ல’. நான் வழிதான சொன்னேன், திட்டல்லியே. இத அப்படியே விட்டா தானா ஆறிடுமா, இல்ல தோண்டிக் கேக்கணுமா? ரூமுல உள்ளவிய ஆளுக்கொண்ணு சொல்லுதாவ.

பால்வெட்டு_மாமா:
விட்டுருங்க தம்பி. எனக்கு கல்யாணமாகி 31 வருஷம், குலசேகரத்துல ரப்பர் வெட்டு. விடியக்காலம் நாலு மணிக்கு ஹெட்லைட்ட கட்டிட்டு போயிடுவேன், பாலெடுத்து ரப்பர் ஷீட்டடிச்சு வீட்டுக்கு வரும்போ ரெண்டு பேருக்கும் கோவம் பாதி போயிருக்கும். ரப்பர் மரத்த ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெட்டணும், பால் வருதேன்னு தெனமும் கத்தி வச்சா பட்டை காஞ்சு பாலே நின்னுடும். மனுசனும் அப்படித்தான். ‘என்ன ஆச்சு, என்ன ஆச்சு’ன்னு கேட்டுட்டே இருந்தா இருக்க பேச்சும் போயிடும்.

கடலோரத்துக்காரி:
மாமா, நீங்க பத்து மணிக்கு வீட்டுக்கு வந்துடுவிய. எங்க தூத்தூர் பக்கம் ஆளுங்க ஆழ்கடல்ல தங்கி மீன்பிடிக்கப் போனா மாசக்கணக்குல ஆகும், உள்ள போனா போன் எடுக்காது. 2017 நவம்பர் 30 ஓகி புயல் அடிச்சப்போ போனவிய எத்தனையோ பேரு திரும்பி வரல்ல. எனக்க பக்கத்து வீட்டு அக்கா அந்த தடவ அவரு புறப்படும்போ வாசலுக்கே வரல்ல, ஏதோ சின்ன வாய்த்தகராறு, வந்தபொறவு பேசிக்கலாம்னு இருந்துச்சு. இன்னைக்கும் அத மட்டும்தான் சொல்லி அழும். அதுல இருந்து எங்க வீட்டுல என்ன சண்டைன்னாலும் போட்டுல ஏறுறதுக்கு முன்ன பேசி முடிச்சாகணும், பாதி ராத்திரி ஆனாலும் சரி. தம்பி, நீங்களும் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிய. கேளுங்க.

மார்த்தாண்டம்_பையன்:
கேக்கறதுல பிரயோஜனம் இல்லண்ணே, ஏன்னா போன்ல பேசினா நாம சொல்றதுல 7 சதவீதம்தான் போய்ச் சேரும்னு எங்க கம்பெனி ட்ரெயினிங்ல சொன்னாங்க, 38 குரல், 55 முகம், இது ஆராய்ச்சி பண்ணி கண்டுபிடிச்சது. அதனால வீடியோ கால் போடுங்க, இல்லன்னா லீவுக்கு வரும்போ நேர்ல பேசுங்க, அதுவரைக்கும் இத கிளறாதீங்க.

வடசேரி_ஆசிரியை:
தம்பி, அந்த 7-38-55 கணக்க எல்லா பேச்சுக்கும் போடக்கூடாது. ஆல்பர்ட் மெஹ்ராபியன்னு ஒருத்தர் 1967ல செஞ்ச ரெண்டு சின்ன சோதனையில இருந்து வந்தது அது. ஒத்த வார்த்தைய வேற வேற குரல்ல, வேற வேற முகத்தோட குடுத்து, ‘இவங்களுக்கு நம்ம மேல பிரியமா வெறுப்பா’ன்னு கேட்டுப் பாத்தார். வார்த்தை ஒண்ணு, குரல் வேற ஒண்ணு சொன்னா ஆளுங்க எத நம்புவாங்கங்கறதுதான் அங்க கேள்வி. எல்லாத்துக்கும் இது பொருந்தாதுன்னு அவரே சொல்லிட்டார். யோசிச்சுப் பாருங்க, 7 சதவீதம்தான்னா நீங்க இங்க டைப் பண்ணினது எனக்கு எப்படி புரிஞ்சுது?

ஆனா இந்த விஷயத்துல அவரு சோதனை அப்படியே பொருந்துது. வாய் ‘ஒண்ணும் இல்ல’ங்குது, குரல் ‘இருக்கு’ங்குது. குரல நம்புங்க. அன்னைக்கு அந்தப் பிள்ள கொடம்புளிக்கு அளவு கேக்கல்ல. ‘இன்னைக்கும்’னு ஒரு வார்த்த சொல்லிச்சு பாருங்க, அதுலதான் விஷயமே இருக்கு. நீங்க புளிய பிடிச்சிட்டு அந்த வார்த்தைய விட்டுட்டிய. கார்ல் ரோஜர்ஸ், ரிச்சர்ட் ஃபார்சன்னு ரெண்டு பேரு 1957லயே இதுக்கு ‘ஆக்டிவ் லிசனிங்’னு பேரு வச்சு எழுதினாங்க. வழி சொல்லாத, புத்தி சொல்லாத, முதல்ல அவங்க சொன்னதுல உள்ள மனச கேளு, கேட்டது சரியான்னு அவங்ககிட்டயே திருப்பிச் சொல்லிப் பாரு. அம்புடுதான்.

பால்வெட்டு_மாமா:
டீச்சர், கோவிச்சுக்காதீங்க. என் மருமவன் இந்த மாதிரி ஏதோ கிளாஸ் போயிட்டு வந்து ‘அப்படின்னா உங்களுக்கு வருத்தமா இருக்கு, சரிதான மாமா’ன்னு என்கிட்டயே கேட்டான். எனக்கு அது நடிப்பாத்தான் தெரிஞ்சுது. உள்ள பிரியம் இருந்தா போதும். இந்தத் தம்பி வெயில்ல நின்னு சம்பாதிச்சு வீட்டுக்கு அனுப்புதான், அது பிரியம் இல்லியா? அதுக்கும் மேல பேசவும் படிக்கணும்னா எப்படி?

கடலோரத்துக்காரி:
பிரியம் தான் மாமா, யாரு இல்லன்னா. ஆனா மாசம் பொறந்தா பேங்குல வர்ற பைசா, ‘இன்னைக்கு உனக்கு எப்படி இருந்துச்சு’ன்னு கேக்காதுல்லா. அனுப்புறவனுக்கு நான் எம்பிட்டு செய்யுதேன்னு தெரியும், வாங்குறவளுக்கு ராத்திரி பதினொண்ணு மணிக்கு அந்த இருவது நிமிஷம் மட்டும்தான் இருக்கு. அதுலயும் புளியப் பத்தி பேசினா அவ எங்க போவா?

வடசேரி_ஆசிரியை:
மாமா சொன்ன நடிப்பு விஷயத்த நான் ஒத்துக்கறேன், கிளிப்பிள்ள மாதிரி திருப்பிச் சொன்னா எரிச்சல்தான் வரும். தெரியலன்னா தெரியலன்னு கேளுங்க, அதுவே போதும். கோவம் ஆற நேரம் வேணும்னு மாமா சொன்னதும் சரி. கணவன் மனைவி சண்டைகள வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணின ஜான் காட்மன், உடம்பு படபடன்னு இருக்கும்போ பேசாம குறைஞ்சது இருவது நிமிஷமாவது தள்ளி இருங்கன்னுதான் சொல்றார். ஆனா ‘கொஞ்சம் ஆறட்டும், பொறவு பேசலாம்’னு சொல்லிட்டுப் போறது ஒண்ணு, சுவரு மாதிரி நின்னுடுறது வேற ஒண்ணு. ரெண்டாவத உறவ கெடுக்கற நாலு பழக்கத்துல ஒண்ணா வச்சிருக்கார். நம்ம ஊரு கடல்ல 133 அடிக்கு நிக்கறவரும் இதத்தான் 1302வது குறள்ல சொல்றார், ஊடல் உப்பு மாதிரி, அளவா இருந்தா ருசி, கொஞ்சம் நீட்டினாலும் உப்புக் கூடிப்போன கறி. அஞ்சு நாளுங்கறது உப்புக் கூடிப்போச்சு தம்பி.

இன்னொண்ணு, கேக்கும்போ ‘நீ ஏன் எப்பவும் இப்படி’ன்னு தொடங்காதீங்க. ‘எப்பவும்’ங்கற வார்த்த வந்தா எதிர்ல உள்ளவங்க கதவ சாத்திடுவாங்க. நீங்க செஞ்சத சொல்லி தொடங்குங்க.

மார்த்தாண்டம்_பையன்:
டீச்சர், அந்த கணக்கு விஷயம் எனக்கு தெரியாது, நன்றி. ஆனாலும் வீடியோ கால்ல முகம் பாத்து பேசறது நல்லதுன்னுதான் நான் இப்பவும் சொல்லுவேன்.

தக்கலைக்காரன்_ஷார்ஜா:
நேத்து ராத்திரி பேசினேன். வீடியோ வேண்டாம்னா, வெறும் கால் தான். ‘அன்னைக்கு நீ பேசிட்டு இருக்கும்போ நான் பாதியில புளியப் பத்தி பேசிட்டேன், அதுக்கு பொறவு நீ என்ன சொல்ல வந்த’ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு, நானும் ஒண்ணும் பேசாம இருந்தேன், அது ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. பொறவு சொன்னா. அன்னைக்கு பிள்ளைக்கு காய்ச்சலாம். அம்மை காலையிலயே ஒரு சடங்கு வீட்டுக்கு போயிட்டாங்க. இவ தனியா ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோயி, மத்தியானம் திரும்பி வந்து, ஒரு கையில பிள்ளைய வச்சிட்டு வச்ச கறி அது. என்கிட்ட சொன்னா நான் இங்க கிடந்து பதறுவேன்னு கறியில இருந்து தொடங்கியிருக்கா. நான் ஒரு வழியும் சொல்லல்ல, நாப்பது நிமிஷம் கேட்டேன்.

பால்வெட்டு_மாமா:
நல்லது தம்பி. ஆனா அஞ்சு நாள் விட்டதுனாலதான் அவ வாய தொறந்தான்னு நான் நெனைக்கேன், முதல் நாளே கேட்டிருந்தா சண்டையாத்தான் ஆயிருக்கும்.

கடலோரத்துக்காரி:
முதல் நாளே கேட்டிருந்தா பிள்ளைக்கு காய்ச்சல்னு முதல் நாளே தெரிஞ்சிருக்கும் மாமா. தம்பி, பிள்ளைக்கு இப்போ எப்படி இருக்கு?

தக்கலைக்காரன்_ஷார்ஜா:
காய்ச்சல் விட்டுட்டு அக்கா, ஓடிச்சாடி விளையாடுது. இன்னைக்கு சாயங்காலம் அம்மைக்கு தனியா போன் போடப்போறேன். கறியப் பத்தி எடுக்கமாட்டேன், நான் வந்தபொறவு அவங்களுக்கு வீட்டுல எப்படி இருக்குன்னு ஒரு தடவகூட நான் கேட்டதில்ல.