நகல் நிரலா, கூறியது கூறலா? கலைச்சொல்லுக்கு ஒரு முன்மொழிவு

வணக்கம் நண்பர்களே,

ஒரே நிரலை (கணினிக்கு எழுதும் கட்டளைகளை) பல இடங்களில் திரும்ப எழுதுவதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற இந்த இழையை நான்கு நாளாகப் படித்துவருகிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஒரே நிரல் பல இடங்களில் ஒட்டப்பட்டிருப்பதை 'நகல் நிரல்' என்றே சொல்லிவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

ஐயா, புரியும் என்பது உண்மைதான். ஆனால் 'நகல்' என்றதும் மனம் ஜெராக்ஸ் கடைக்குப் போய்விடுகிறது. நகல் எடுப்பதில் தப்பு ஒன்றும் இல்லை, வீட்டுப் பத்திரத்துக்கே நகல் வைத்திருக்கிறோம். நாம் பெயர் தேடுவது ஒரு குற்றத்துக்கு. அதுவும், எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால்தான் வரும் குற்றமும் அல்ல அது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக்கடையின் பில் போடும் மென்பொருளை நான் பார்த்துக்கொள்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் நெய், வெண்ணெய்க்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. முந்தின நாள் ஞாயிறு இரவு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். நிரலில் '12' என்று தேடினேன். கவுன்ட்டர் பில்லில் ஒன்று, போன் ஆர்டருக்கு விலை சொல்லும் இடத்தில் ஒன்று, மாதக் கணக்கில் ஒன்று. மூன்றையும் 5 ஆக்கினேன். நான்காவதாகவும் ஒரு 12 வந்தது. அது ஊதுபத்தியை டஜனாகப் பிரிக்கிற கணக்கு. நல்லவேளை, கை வைப்பதற்குமுன் பார்த்துவிட்டேன்.

மறுநாள் காலையில் 630 ரூபாய்க்கு விற்ற நெய் டின் ஒன்று நசுங்கியிருந்ததென்று மதியம் திரும்பி வந்தது. ரிட்டன் பில் போட்டால் 672 ரூபாய் கொடு என்கிறது! உள்ளே போய்ப் பார்த்தால், அங்கே 12 என்ற எண்ணே இல்லை. மத்திய வரி 6, மாநில வரி 6 என்று தனித்தனியாக எழுதிக் கூட்டியிருக்கிறது. 600 ரூபாய்ச் சரக்குக்கு 42 ரூபாய் வித்தியாசம். அதே வரி விவரம்தான், ஆனால் வேறு உருவில் இருந்ததால் தேடலில் சிக்கவில்லை. இதை 'நகல்' என்று எப்படிச் சொல்வது?

நம்மிடம் இதற்குச் சொல் இருக்கிறது. தொல்காப்பிய மரபியலும் நன்னூலும் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அடுக்குகின்றன. அதில் ஒன்று 'கூறியது கூறல்'. அதன் கணக்கு எழுத்தைப் பற்றியதல்ல, கூற்றைப் பற்றியது. 12 என்றாலும் 6-உம் 6-உம் என்றாலும் கூற்று ஒன்றே, ஆகவே குற்றம். டஜனின் 12 வேறு கூற்று. கூறியதே கூறினாலும் வேறொரு பொருளைத் தருமானால் குற்றமில்லை என்று உரை மரபு விலக்கும் தந்திருக்கிறது. இரண்டு 12-ஐயும் பார்த்துவிட்டு ஒரே மாறிலியாகச் சேர்த்துவிடும் இளைஞர்களுக்கு இந்த விலக்கைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும். ஆண்ட்ரூ ஹன்ட்டும் டேவிட் தாமஸும் 1999-இல் 'தி பிராக்மாட்டிக் புரோகிராமர்' நூலில் 'டிரை' (DRY, 'Don't Repeat Yourself', அதாவது 'திரும்பச் சொல்லாதே') என்று பெயர் வைத்த நெறியும் இதுவே. ஒவ்வோர் அறிவுக்கும் அமைப்பில் ஒரே இடம் இருக்க வேண்டும் என்றார்கள். நிரலின் அடிகள் ஒத்திருப்பதைப் பற்றி மட்டும் அவர்கள் பேசவில்லை. அந்த நெறிக்குக் 'கூறியது கூறாமை' என்பது கச்சிதமாகப் பொருந்துகிறது.

> குற்றத்துக்குப் பெயர் சரி அண்ணா. தீர்வுக்குத்தான் 'மரபுரிமை' இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு? மாணவர்கள் ஏற்கெனவே திணறுகிறார்கள்.

தங்கச்சி, திருமங்கலத்தில் உன்னிடம் படிக்கும் பிள்ளைகள் படும் பாடு எனக்கும் தெரியும். ஆனால் மரபுரிமை (இன்ஹெரிட்டன்ஸ், ஒரு வகுப்பு தன் தாய் வகுப்பில் இருப்பதைத் தானாகவே பெறுவது) பல வழிகளில் ஒன்று, அவ்வளவுதான். மென்பொருள் வடிவமைப்புத் தோரணிகளை (டிசைன் பேட்டர்ன்) ஒரு நூலாகத் தொகுத்த நால்வர் 1994-லேயே, வகுப்பை (கிளாஸ்) மரபுரிமையாகப் பெறுவதைவிடப் பொருள்களை (ஆப்ஜெக்ட்) சேர்த்துக் கட்டுவதையே முதலில் நாடச் சொன்னார்கள். என் ரிட்டன் பில்லையே எடுத்துக்கொள். அதை விற்பனை பில்லின் பிள்ளையாக வைத்தால் இன்றைய வரி அதற்கும் வந்துவிடும். 20-ஆம் தேதி 12 சதவீதத்தில் விற்ற டின் 25-ஆம் தேதி திரும்பி வந்தால்? விற்ற அன்றைய வரியில்தான் கழிக்க வேண்டும். அதனால் வரிவிகிதங்களைத் தேதியோடு ஒரே பட்டியலில் வைத்தேன். விற்பனை பில்லின் ஒவ்வொரு வரிசையும் தன் வரியைத் தானே நினைவில் வைத்திருக்கிறது. ரிட்டன் பில் பழைய பில்லிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. இப்போது ரிட்டன் பில்லில் ஓர் எண்கூட இல்லை.

இந்தக் 'கேட்டு வாங்கிக்கொள்ளும்' செயலுக்கும் மரபுரிமைக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும். 'மாட்டேறு' என்பது என் முன்மொழிவு. ஓரிடத்தில் சொன்ன விதியை மறுபடி சொல்லாமல், 'அங்கே போய்ப் பார்' என்று இன்னோர் இடத்தோடு இணைத்துவிடும் உத்திக்கு இலக்கணத்தார் வைத்த பெயர் அது. நன்னூலின் முப்பத்திரண்டு உத்திகளில் 'மாட்டெறிந்து ஒழுகல்' இருக்கிறது. குற்றமும் அதைத் தவிர்க்கும் உத்தியும் ஒரே பாயிரத்தில் இருப்பதைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

தொல்காப்பியர் இதைச் செய்து காட்டுகிற அழகைப் பாருங்கள். உயிரெழுத்தில் முடியும் சொற்களின் புணர்ச்சியைச் சொல்லும் உயிர்மயங்கியலில் அகர ஈற்றுக்கு விதியை விரிவாகச் சொல்லிவிடுகிறார். அப்புறம் 'ஆகார இறுதி அகர இயற்றே' என்று ஒரே அடி. பின்னால் 'ஈகார இறுதி ஆகார இயற்றே', 'ஊகார இறுதி ஆகார இயற்றே'. ஈகாரம் ஆகாரத்தைப் பார்க்கிறது, ஆகாரம் அகரத்தைப் பார்க்கிறது. எங்கே மாறுபடுகிறதோ அங்கே மட்டும் தனி நூற்பா போடுகிறார். தாய் வகுப்பு, சேய் வகுப்பு, சேயில் மாற்றி எழுதும் செயற்கூறு (மெத்தட்) என்று நீ கரும்பலகையில் வரைகிற படம் அப்படியே இதில் இருக்கிறது.

வழக்கில் எப்படி வரும் என்றும் எழுதிப் பார்த்தேன். "ரிட்டன் பில்லின் வரியை விற்பனை பில்லுக்கு மாட்டெறி." "இங்கே மாட்டேறு போதும், மரபுரிமை வேண்டாம்." என் காதுக்கு உறுத்தவில்லை.

'மாட்டேறு' என்று முழுதாக வைப்பதா, 'மாட்டு' என்று சுருக்குவதா என்பதில் மட்டும் நான் இன்னும் ஒரு பக்கம் நிற்கவில்லை. ஆணியில் சட்டையை மாட்டுவதுபோல் இணைப்பது என்ற பொருள் சுருக்கத்திலும் தெரிகிறது. ஆனால் தேடுபொறியில் 'மாட்டு' என்று இட்டால் மாட்டுப்பொங்கல்தான் முன்னால் நிற்கும். தங்கச்சி, இந்த வாரம் ஆய்வக வகுப்பில் இரண்டையும் சொல்லிப் பார். பிள்ளைகள் எதைத் தாங்களாகவே எடுத்துப் பேசுகிறார்களோ அதை இங்கே எழுது. ஐயா, உரையாசிரியர்கள் மாட்டேற்றை வேறெங்கெல்லாம் காட்டுகிறார்கள் என்று நீங்கள் எடுத்துத் தந்தால், சொல்லடைவில் எடுத்துக்காட்டோடு சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
செல்லூரிலிருந்து