புதுப்பிப்பு: ஓட்டத்தில் நின்றுபோகும் மொறிஸ் மைனர் – காரணம் கிடைத்தது

மட்டக்களப்பிலிருந்து கல்முனை போகையில் களுவாஞ்சிகுடியை அண்டியதும் என் பழைய மொறிஸ் மைனர் கார் இருமி நின்றுவிடுகிறது, சற்று ஆறவிட்டால் ஓடுகிறது என்று கேட்டிருந்தேன். பதிலளித்த எல்லோருக்கும் நன்றி.

பலர் வெயிலில் பெற்றோல் குழாயிலேயே ஆவியாகி ஓட்டத்தைத் தடுப்பதைச் சந்தேகித்தீர்கள். குழாயில் ஈரத்துணி சுற்றியும் வண்டி நின்றது. பெற்றோல் தாங்கி மூடியைத் தளர்த்தியும் பயனில்லை. கைகொடுத்தது அக்கரைப்பற்று அண்ணன் சொன்ன சோதனை: நின்ற கையோடு காபரேற்றருக்கு (பெற்றோலைக் காற்றோடு கலக்கும் பகுதி) வரும் குழாயைக் கழற்றி, போத்தலுக்குள் விட்டு, சாவியைத் திருப்புவது. (சூடான இயந்திரத்தில் பெற்றோல் சிந்தக்கூடாது.) தாங்கியிலிருந்து பெற்றோலை இழுத்துத் தரும் எஸ்யூ மின்பம்பி மெதுவாக அடித்தது, பெற்றோல் சொட்டுச் சொட்டாகவே வந்தது. படபடவென்று அடித்திருந்தால் காற்றுக் கசிவு. மெதுவாக அடித்தால் பம்பி உறிஞ்சும் பக்கம் அடைப்பு என்றார் அண்ணன். பம்பியின் அடியிலுள்ள வலை வடிகட்டியைக் கழற்றினேன். முழுக்கத் தாங்கியின் துரு! வண்டி நின்றதும் வலையிலிருந்து துரு உதிர்ந்து கீழே படிவதால்தான் மீண்டும் ஓடியிருக்கிறது. சூட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

எதிர்பாராதது, வலையைக் கழுவியபின் காபரேற்றரில் பெற்றோல் நிற்கும் மிதவை அறை வழியத் தொடங்கியது. அதற்குள் பெற்றோல் வருவதைத் திறந்து மூடும் ஊசி வால்விலும் துருத்துகள் சிக்கியிருந்தது, துடைத்ததும் சரி. தாங்கியை இறக்கிக் கழுவி, குழாயில் தனி வடிகட்டியும் போட்டாயிற்று. இப்போது பொத்துவில் வரை நிற்காமல் போகிறது.