நிலைமாற்றி (ட்ரான்ஸ்போமர்) பரிசோதனை றிப்போட்: "வழுக்கள்" பகுதியில என்னத்த எழுதுறது?

கல்முனை_இரண்டாம்வருடம்:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். 1 கேவிஏ, 230/115 வோல்ற் சிங்கிள் பேஸ் நிலைமாற்றியில செய்த திறந்த சுற்று, குறுஞ்சுற்றுப் பரிசோதனை றிப்போட் திருத்தச் சொல்லித் திரும்பி வந்திருக்கு. வழுக்கள் பகுதியில "மனித வழு, மீற்றர் வழு, வெப்பநிலை" என்று எழுதியிருந்தேன். அதை முழுக்க வெட்டிப்போட்டு, "எவ்வளவு? எந்த வாசிப்பில?" என்று சிவப்பில எழுதியிருக்கு.

வாசிப்புகள் இவை:
திறந்த சுற்று (115 வோல்ற் பக்கம்; மற்றப் பக்கம் திறந்து, இரும்பு இழப்பு அளக்க): 115 வோல்ற், 0.60 அம்பியர், 22 வாற்.
குறுஞ்சுற்று (230 வோல்ற் பக்கம்; மற்றப் பக்கத்தை வயரால இணைத்து, செப்பு இழப்பு அளக்க): 12.0 வோல்ற், 4.35 அம்பியர், 38 வாற்.

குறுஞ்சுற்றில பாவித்த வோல்ற்மீற்றர் 75 வோல்ற் வீச்சு, அம்மீற்றர் 5 அம்பியர் வீச்சு. ரெண்டும் ஊசி மீற்றர், வகுப்பு 1. வெள்ளிக்கிழமை திருப்பிக் குடுக்கணும். யாராவது வழி சொல்லுங்க.

கல்லடி_களப்போரம்:
தம்பி, கடைசி வரியில எழுதின மீற்றர் விபரம் இருக்கே, அதுதான் உங்கட வழுப் பகுதி. அது றிப்போட்டுக்குள்ள இருந்திருந்தா சிவப்புப் பேனாவுக்கு வேலை இல்லை.

வகுப்பு 1 என்றால் முழு வீச்சில 1%. ஊசி எங்க நின்றாலும் அந்த அளவு மாறாது. 75 வோல்ற் வீச்சில அது ±0.75 வோல்ற். நீங்க வாசித்தது 12 வோல்ற், ஆகவே 6.25% வழு. அம்மீற்றரில ±0.05 அம்பியர், 4.35இல அது 1.15% மட்டும்தான். இம்பீடன்ஸ் (மொத்தத் தடங்கல்) 12.0 ÷ 4.35 = 2.76 ஓம். வகுக்கும்போது ரெண்டு வழு வீதத்தையும் கூட்டணும் என்பதால ஆகக் கூடினால் 7.4%, அதாவது 2.76 ± 0.20 ஓம். அதே மீற்றரில 15 வோல்ற் வீச்சு இருந்து அதை எடுத்திருந்தா ±0.15 வோல்ற், மொத்தம் 2.4%, அப்போ ±0.07 ஓம். இந்த ரெண்டு கணக்கையும் பக்கத்தில பக்கத்தில எழுதுங்க. "வீச்சை மாற்றியிருந்தால் வழு மூன்றில் ஒன்றாகக் குறைந்திருக்கும்" என்ற வசனத்துக்குத்தான் புள்ளி.

அதோட நின்றுடாதீங்க. சமவலுத் தடை 38 ÷ 4.35² = 2.01 ஓம். ரியாக்டன்ஸ் (இம்பீடன்ஸில தடை போக மற்றப் பகுதி) இம்பீடன்ஸின்ர வர்க்கத்தில தடையின்ர வர்க்கத்தைக் கழித்து வருது: 7.61 – 4.03, மூலம் எடுத்தா 1.89 ஓம். கழித்தல் வருகிற இடத்தில வழு பெருக்கும். தடையை அப்படியே வைத்து இம்பீடன்ஸை 2.96 ஆக்கிப் பாருங்க, ரியாக்டன்ஸ் 2.17 ஆகும். 7% வழு 15% ஆகிப் போச்சு. இதைத்தான் திருத்துறவர் தேடுறார்.

அக்கரைப்பற்று_சுருள்:
மேல சொன்னது சரி. ஆனா திறந்த சுற்றில வாற்மீற்றரைத்தான் முதல்ல சந்தேகப்படணும். சாதாரண வாற்மீற்றரில 125 வோல்ற், 5 அம்பியர், 125 பிரிவு என்றால் ஒரு பிரிவுக்கு 5 வாற். 22 வாற்றுக்கு ஊசி 4.4 பிரிவுதான் நகரும், அதில அரைப் பிரிவு பிழைச்சாலே 2.5 வாற். குறைந்த வலுக்காரணி மீற்றர் (125 வோல்ற், 1 அம்பியர், 0.2) என்றால் ஒரு பிரிவுக்கு 0.2 வாற், ஊசி 110இல நிற்கும். உங்கட வலுக்காரணி 22 ÷ (115 × 0.60) = 0.32 தான். எந்த மீற்றர், பெருக்கும் காரணி என்ன என்று உபகரண அட்டவணையில கட்டாயம் போடுங்க.

அடுத்தது வாற்மீற்றரின்ர வோல்ற்றளவுச் சுருள் எந்தப் பக்கம் கிடந்தது? நிலைமாற்றிப் பக்கம் என்றால் அந்தச் சுருள் தின்ற வலுவும் வாசிப்புக்குள்ள வரும். சுருளின்ர தடை 10,000 ஓம் என்றால் 115² ÷ 10,000 = 1.3 வாற், அதாவது 22இல 6%. அதைக் கழித்து, இரும்பு இழப்பு 20.7 வாற் என்று எழுதணும். உங்கட மீற்றரின்ர தடை அதன் முகப்பில அச்சடிச்சிருந்தா அந்தப் பெறுமானத்தைப் போடுங்க. குறுஞ்சுற்றில 12 வோல்ற்தான் என்பதால அதே சுருள் 0.014 வாற்தான் எடுக்கும், கணக்கில எடுக்கத் தேவையில்ல.

கல்முனை_இரண்டாம்வருடம்:
அண்ணா, நானா, ரெண்டு பேருக்கும் நன்றி. சுருள் நிலைமாற்றிப் பக்கம்தான் கிடந்தது. வெப்பநிலையை முழுக்க எடுத்துப்போடவா? குறுஞ்சுற்றுக்குப் போட்ட வயர் 1.5 சதுர மில்லிமீற்றர், ஒரு மீற்றர் நீளம். அதையும் எழுதணுமா?

கல்லடி_களப்போரம்:
வெப்பநிலையை எடுக்காதீங்க, கணக்காக்குங்க. செப்புத் தடையை 75 பாகைக்கு மாற்ற (234.5 + 75) ÷ (234.5 + அறை வெப்பநிலை) என்ற காரணியால பெருக்கணும். எங்கட பக்கத்து ஆய்வுகூடத்தில 30 பாகை என்று வைத்தா 1.17. அப்போ 2.01 ஓம், 2.35 ஓம் ஆகும். சுருள் சூடேற முதல் வாசிப்பு எடுத்தீங்களா என்பதையும் ஒரு வரியில சொல்லணும்.

வயர் கட்டாயம் எழுதணும். 1.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி மீற்றருக்கு கிட்டத்தட்ட 0.012 ஓம். 115 வோல்ற் பக்கத்தில 8.7 அம்பியர் ஓடுது, அதனால 0.9 வாற் அந்த வயரிலயே போகுது, 38இல 2.4%. உயர் அழுத்தப் (230 வோல்ற்) பக்கத்துக்கு மாற்றினா 230 ÷ 115இன் வர்க்கம், அதாவது நாலு மடங்கு, 0.048 ஓம். 4 சதுர மில்லிமீற்றரில ஒரு சாண் துண்டு போட்டா இது கிட்டத்தட்ட இல்லாமல் போயிடும். கடலும் களப்பும் ஒட்டின இடங்களில உப்புக் காற்றால முனைகள் பச்சை பூத்துக் கிடக்கும். உரசித் துடைக்காட்டி அந்தத் தொடுகைத் தடையும் இதோட சேரும், ஆனா அதுக்குக் கணக்குச் சொல்ல ஏலாது. அளக்காததை "இருக்கலாம்" என்று மட்டும் எழுதுங்க.

பாசிக்குடா_மீற்றர்:
எழுத்து முறை பற்றி யாரும் சொல்லல்ல. செய்முறையைக் கைநூலில இருக்கிற மாதிரி "இணைக்கவும், கூட்டவும்" என்று கட்டளையாக எழுதினா புள்ளி போகும். செய்து முடித்ததைத்தான் இறந்தகாலத்தில எழுதணும். அட்டவணைத் தலைப்பு மேல, படத் தலைப்பு கீழ. மாதிரிக் கணக்கு ஒரு வாசிப்புக்குப் போதும். இரும்பு இழப்புத் தடைக்கு (115² ÷ 22) 601.136 ஓம் என்று கல்குலேட்டர் காட்டுறதை அப்படியே இறக்காதீங்க, 22 வாற்றில இருந்து வந்த விடைக்கு 600 ஓம் என்றாலே போதும்.

முடிவுரையில "நோக்கம் நிறைவேறியது" வேண்டாம். முழுச் சுமை, 0.8 வலுக்காரணியில வினைத்திறன் 800 ÷ 860 = 93.0% (860 என்பது 800 + இரும்பு இழப்பு 22 + செப்பு இழப்பு 38). ஆகக் கூடின வினைத்திறன் வருவது முழுச் சுமையின் 76%இல, ஏனென்றால் 22 ÷ 38இன் வர்க்கமூலம் 0.76. இரும்பு இழப்பைத் திருத்தினா ரெண்டையும் திருப்பிக் கணக்கிடணும். 20.7 வாற்றுக்கு வினைத்திறன் 93.2%, சுமை 74%.

பாதுகாப்புக் குறிப்பிலயும் இலக்கம் போடலாம். குறுஞ்சுற்றில வேரியாக்கை (வோல்ற்றைக் கூட்டிக் குறைக்கிற கருவி) பூச்சியத்தில வைக்காமல் 230 வோல்ற்றைக் குடுத்தா 230 ÷ 2.76 = 83 அம்பியர். "கவனமாக இருக்க வேண்டும்" என்பதை எடுத்துப்போட்டு இதை எழுதுங்க.

அக்கரைப்பற்று_சுருள்:
ஒன்று மட்டும் தம்பி, வழுவைக் குறைத்துக் காட்ட 12.0 என்ற வாசிப்பைத் தொட்டுடாதீங்க. மூல வாசிப்புத் தாளில கையொப்பம் இருக்கும், அதை அப்படியே பின்னிணைப்பில சேருங்க.