கேம் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை, ஆனால் விளையாடிய நேரம் 2 மணி 20 நிமிடம். ரீஃபண்ட் கிடைக்குமா?

கேள்வி:
ஸ்டீம் என்ற கேம் விற்கும் தளத்தில் வாங்கி 4 நாள் ஆகிறது. பிளே அமுக்கினால் லாஞ்சர் (கேமைத் தொடங்கிவைக்கும் சின்ன ஜன்னல்) வருகிறது. அதில் ஸ்டார்ட் கொடுத்தால் கறுப்புத் திரை, சில விநாடியில் டெஸ்க்டாப். எரர் மெசேஜ் எதுவும் இல்லை. டிரைவர் அப்டேட், ஃபைல் வெரிஃபை, ரீஇன்ஸ்டால் எல்லாம் செய்தாயிற்று. பென்டியம் ஜி4560, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 16 ஜிபி ரேம். 2 மணி நேரம் தாண்டிவிட்டதே, இனி வழி உண்டா?

பதில் 1:
உண்டு. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஓடியிருந்தால் எந்தக் காரணம் சொன்னாலும் தருவார்கள். அதைத் தாண்டினாலும் விண்ணப்பிக்கலாம், பார்த்து முடிவெடுப்பார்கள்.

லாஞ்சர் திறந்திருக்கும் நேரத்தையும் ஸ்டீம் விளையாட்டு நேரமாகவே எண்ணும். கிராஷ் ஆனபின் டாஸ்க் மேனேஜரில் 'டீடெயில்ஸ்' பாருங்கள். லாஞ்சரோ கேமோ அங்கே தொங்கிக்கொண்டிருந்தால் பிளே பட்டன் 'ஸ்டாப்' என்றே நிற்கும், மீட்டரும் ஓடும். உடனே 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். இனி சோதனைக்காகக்கூடத் திறக்க வேண்டாம்.

ஸ்டீம் சப்போர்ட் பக்கத்தில் 'பர்ச்சேஸஸ்' போய், கேமைத் தேர்ந்து, ரீஃபண்ட் வேண்டும் என்பதைச் சொடுக்குங்கள். குறிப்புப் பெட்டியில் புலம்பல் வேண்டாம், மூன்று வரி போதும்: மெனுவரைகூடப் போகவில்லை, பதிவான நேரம் லாஞ்சருடையது, இன்னின்ன செய்து பார்த்தேன்.

பதில் 2:
அந்த மூன்று வரியோடு கிராஷ் விவரமும் சேர்ந்தால் வலு கூடும். ஸ்டார்ட் மெனுவில் 'ஈவென்ட் வியூவர்' தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் போங்கள். கேம் விழுந்த நேரத்தில் சிவப்புக் குறியோடு ஒரு எரர் இருக்கும். அதில் 'எக்ஸெப்ஷன் கோடு' பாருங்கள். சி000001டி என்றால் பிராசஸருக்குத் தெரியாத கட்டளையை கேம் கேட்கிறது என்று அர்த்தம். உங்கள் ஜி4560 பிராசஸரில் ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுப்பு கிடையாது, என் சந்தேகம் அதன்மேல்தான். அப்படியிருந்தால் டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. சி0000005 வந்தால் அது மெமரி பிழை, காரணம் பலவாக இருக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
சி000001டி தான். கேம் பக்கத்தில் குறைந்தபட்சம் ஐ5 பிராசஸர் வேண்டும் என்று போட்டிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. இதைச் சொன்னால் மறுத்துவிடுவார்களா?

பதில் 2:
மறைக்காதீர்கள். கணினி தேவைக்கு எட்டவில்லை என்பதை ஸ்டீமின் ரீஃபண்ட் கொள்கையே ஒரு காரணமாகச் சொல்கிறது. அந்த எக்ஸெப்ஷன் கோடு, பிராசஸர் மாடல் இரண்டையும் அப்படியே எழுதுங்கள்.

பதில் 3:
மறுத்தால் கோபத்தில் வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பிடுங்குவது) கேட்காதீர்கள். கணக்கே முடங்கலாம், மற்ற கேம்களும் மாட்டிக்கொள்ளும். மறுபடி விண்ணப்பியுங்கள், இந்த முறை ஏவிஎக்ஸ் விஷயத்தை முதல் வரியில் வைத்து. ஒப்புக்கொண்டபின் ஒரு வாரத்துக்குள் பணம் வரும். சில கட்டண முறைகளில் இன்னும் இழுக்கும். வேறு தளத்தில் கீ (கேமைச் சேர்க்கும் குறியீடு) வாங்கி ஸ்டீமில் போட்டிருந்தால் மட்டும் ஸ்டீமிடம் கேட்டுப் பயனில்லை, விற்றவரிடம்தான் போக வேண்டும்.