சூறாவளிப் பருவத்தின் மும்முரத்தை எண்ணிக்கையால் அளக்கலாமா?

ஷென்டன் வே கணக்கர்:
காப்புறுதி நிறுவனங்களுக்கே காப்புறுதி தரும் மறுகாப்புறுதித் துறையில் இருப்பதால், மே மாதம் பிறந்தாலே எனக்கு அட்லாண்டிக் சூறாவளிக் கவலைதான். சிங்கப்பூரில் அமர்ந்து புளோரிடாவின் கூரைகளை எண்ணுவது வேடிக்கையாகத் தோன்றலாம். அக்கூரைகளின் நட்டத்தில் ஒரு பங்கு இங்கேயும் வந்து சேர்கிறது. 2024 மே மாதத்தில் அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா, பெயரிடப்படும் புயல்கள் 17 முதல் 25 வரையும் அவற்றுள் வலுத்துச் சூறாவளியாகுபவை 8 முதல் 13 வரையும் இருக்கும் என்றது. ஆகஸ்ட் 12இல் எர்னஸ்டோ உருவான பிறகு செப்டம்பர் 9 வரை புதிதாக ஒன்றும் தோன்றாதபோது, கணிப்பு பொய்த்தது என்று அலுவலகத்திலேயே சிரித்தார்கள். பிறகு ஹெலீன் வந்தது, மில்டன் வந்தது. முடிவில் 18 புயல்கள், அவற்றுள் 11 சூறாவளிகள். மே மாதக் கணிப்பை நம்பலாம் என்பதே என் வாதம்.

பிடோக் மாலுமி:
தம்பி, பலித்த ஆண்டை மட்டும் எடுத்துக் காட்டுகிறீர்கள். 2013இல் அதே அமைப்பு 7 முதல் 11 சூறாவளிகள் என்றது, வந்தவை இரண்டு. சரி, கணிப்பு பலித்தாலும் என்ன பயன்? 1992இல் பருவம் மந்தமாகவே கிடந்தது. முதல் பெயரைப் பெற்ற புயலே ஆகஸ்டில்தான் எழுந்தது, ஆனால் அந்த ஆண்ட்ரூதான் தென் புளோரிடாவைத் தரைமட்டமாக்கியது. மாறாக, 2010இல் 12 சூறாவளிகள் உருவாகியும் ஒன்றுகூடச் சூறாவளி வலிமையோடு அமெரிக்கக் கரையை ஏறவில்லை.

ஜூரோங் ஆசிரியை:
இருவரும் தலைகளை எண்ணுகிறீர்கள். நான் அளவுகோலையே மறுக்கிறேன். புயல்களின் மொத்த ஆற்றலை அளக்கும் ஏஸ் என்ற குறியீட்டில், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை புயலின் உச்சக் காற்று வேகத்தை நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) அலகில் எடுத்து, அதன் வர்க்கங்களைக் கூட்டிப் பத்தாயிரத்தால் வகுக்கிறார்கள். நூறு நாட் வேகமுள்ள சூறாவளி ஒரே நாளில் 4 அலகு சேர்க்கும். 35 நாட் வேகத்தில் தள்ளாடும் புயல் அரை அலகைக்கூட எட்டாது. பட்டியலில் இரண்டும் ஒவ்வொன்றுதான்!

காரணங்களையும் அப்படியே நிறுத்துப் பார்க்க வேண்டும். பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் மேலடுக்குக் காற்றும் கீழடுக்குக் காற்றும் ஒத்துப்போகாமல் வீசி, வளரும் புயலின் தலையைச் சாய்த்துவிடும் என்பதால் அட்லாண்டிக் அடங்கியிருக்கும் என்பது அமெரிக்க வானிலையாளர் வில்லியம் கிரே 1984இல் பருவக் கணிப்பைத் தொடங்கிய காலத்திலிருந்தே கையாளப்படும் விதி. 2023இல் எல் நினோ இருந்தும், கடல்நீர் வழக்கத்துக்கு மீறிச் சூடாக இருந்ததால் 20 புயல்கள் எழுந்தன. எந்தக் காரணத்துக்கு எவ்வளவு எடை என்பதில்தான் கணிப்பாளரின் திறமை தெரியும்.

பிடோக் மாலுமி:
டீச்சர், விதி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பூமத்திய ரேகையை ஒட்டிப் புயல் சுழலாது என்றுதான் நாங்கள் படித்தோம். 2001 டிசம்பர் 27 அன்று கிழக்கு நங்கூரப் பகுதியில் எங்கள் எண்ணெய்க் கப்பல் நின்றிருந்தபோது, மழைத்திரையில் சாங்கி விளக்குகள் ஒவ்வொன்றாக மறைந்தன. எந்திர அறையில் என் கோப்பிக் குவளை மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வழுக்கிப் போனது. ஏறத்தாழ 1.5 பாகை வட அகலாங்கில் உருவாகி ஜொகூரில் கரையேறிய வாமெய் புயல் அது. எந்தப் பருவக் கணிப்பு அதைச் சொல்லியிருக்கும்?

ஷென்டன் வே கணக்கர்:
சொல்லியிருக்காது, ஐயா, எங்கே கரையேறும் என்று மே மாதக் கணிப்பு சொல்ல வருவதே இல்லை, அதை அவர்களே எழுதிவிடுகிறார்கள். ஒரு வீட்டுக்காரருக்கு 1992 போதும், எல்லா ஆண்டும் பலகையும் ஆணியும் வாங்கி வைக்கட்டும். ஆயிரம் ஊர்களின் பொறுப்பைப் பல ஆண்டுகளுக்குச் சுமக்கும் எங்களுக்கோ, வாய்ப்பு சற்றே கூடினாலும் அது பணம். டீச்சர் சொன்ன ஏஸ் குறியீட்டை மட்டும் ஏற்கிறேன்: அடுத்த அறிக்கையில் புயல் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு பத்தி கேட்டிருக்கிறேன்.