பாதத்தில் ஒரு எலும்பு குறைகிறது: கையில் இருப்பது எது?

பிசியோதெரபி முதலாம் ஆண்டு, ஊர் கல்லிடைக்குறிச்சி. போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு சீனியர் அண்ணனிடம் பழைய எலும்பு செட் வாங்கினேன். ஆச்சி வீட்டுக்குள் விடவில்லை, திண்ணையில்தான் படிப்பு. திங்கட்கிழமை வைவா (வாய்மொழித் தேர்வு).

வலது பாதத்தில் 26 எலும்பு இருக்க வேண்டும்: பின்பாதத்திலும் நடுப்பாதத்திலும் டார்சல் 7, விரல்களுக்கு முன் வரும் நீள எலும்பான மெட்டாடார்சல் 5, விரல்களில் 14. எண்ணினால் 25தான். டார்சலில் ஆப்பு வடிவ எலும்பான கூனிஃபார்ம் மூன்றில் ஒன்றைக் காணோம். பெரியது உட்புறத்தது, அதில் சந்தேகமில்லை. மற்றது நடுவிலுள்ளதா, வெளிப்புறத்ததா என்றுதான் குழப்பம். இரண்டுக்குமே அகலப் பக்கம் மேலே, கூர்முனை கீழே.

கூனிஃபார்ம்களுக்குப் பின்னால் இருக்கும் நேவிகுலர் எலும்பின் மூன்று தளங்களிலும் வைத்துப் பார்த்தேன். நடுவிலும் உட்காருகிறது, ஓரத்திலும் உட்காருகிறது. இரண்டாம் மெட்டாடார்சலோடு சேர்த்தேன், அதுவும் சுமார்தான். பாதத்தின் வெளி ஓரத்தில் இருக்கும் கியூபாய்டு எலும்பைத் தொடும் தளம் இருந்தால் வெளிப்புறத்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் யாரோ இரண்டு கோட்டிங் வார்னிஷ் அடித்திருக்கிறார்கள், அந்தப் பக்கம் மழமழவென்று மூடிக்கிடக்கிறது. உட்பக்க விளிம்பில் மட்டும் தலைகீழ் 'எல்' எழுத்து மாதிரி ஒரு தடம் மங்கலாகத் தெரிகிறது. நடு கூனிஃபார்மில் உட்புறத்ததைத் தொடும் தளம் அப்படித்தான் இருக்கும். அதுவும் வார்னிஷ் வழிந்ததோ என்னவோ.

அந்த 'எல்' தடத்தை மட்டும் நம்பி இது நடு கூனிஃபார்ம்தான் என்று முடிவு செய்யலாமா?