சிங்கத்தின் முகமும் நடிகரின் முகமும்: உடை பாத்திரத்தைக் கட்டுகிறதா, மூடுகிறதா?

அரங்கநேசன்:
1997 நவம்பரில் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறிய, சிங்க அரச குடும்பத்தின் கதையான 'தி லயன் கிங்' இசை நாடகத்தை ஆடை வடிவமைப்பின் உச்சம் என்று பலரும் புகழ்வதால், என் மறுப்பை இங்கே பதிவு செய்கிறேன். அதன் இயக்குநரும் ஆடை வடிவமைப்பாளருமான ஜூலி டேமோர், பொம்மை வடிவமைப்பாளர் மைக்கேல் கரியுடன் சேர்ந்து முகமூடிகளையும் பொம்மைகளையும் உருவாக்கினார். 1998இல் இயக்கம், ஆடை வடிவமைப்பு இரண்டுக்கும் அமெரிக்க நாடகத்துறையின் உயரிய டோனி விருது பெற்றார். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் சிங்க அரசன் முஃபாசாவின் தம்பி ஸ்கார் வஞ்சகன் என்பதை, அவன் வாய் திறப்பதற்கு முன்பே கோணலான முகமூடி சொல்லிவிடுகிறது. பார்ப்பவர் மெல்ல மெல்லக் கண்டடைய வேண்டியதை உடை முந்திக்கொண்டு அறிவித்துவிட்டால், நடிகருக்கு எஞ்சுவது என்ன?

தையல்விரல்:
ஐயா, நாடகக் குழுவுக்கு உடை தைப்பவள் என்ற முறையில் மறுக்கிறேன். அந்த முகமூடி நடிகரின் முகத்தை எந்நேரமும் மூடியிருப்பதில்லை. பெரும்பாலும் தலைக்கு மேலே நிற்கிறது, கீழே நடிகரின் முகம் முழுவதும் தெரிகிறது. மனிதரையும் விலங்கையும் ஒரே நேரத்தில் காணும் இதைத்தான் டேமோர் 'இரட்டை நிகழ்வு' என்றார். முஃபாசாவின் முகமூடி ஒழுங்கான வட்டமாகச் சூரியனைப் போல் இருக்கிறது, ஸ்காருடையது ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது என்பது உண்மையே. ஆனால் அவை எப்போது முன்னால் இறங்கி நடிகரின் முகத்தை மறைக்க வேண்டும் என்பது நடிகரே இயக்கும் விசையில் இருக்கிறது. பேசும்போது மனிதன், சீறும்போது விலங்கு. அந்தக் கணத்தைத் தேர்ந்தெடுப்பது நடிப்பு அல்லாமல் வேறென்ன? முஃபாசாவின் முகமூடி சுமார் 300 கிராம், ஸ்காருடையது சுமார் 250 கிராம்தான். கழுத்தைத் தடையின்றித் திருப்ப வேண்டும் என்று எண்ணிய வடிவமைப்பாளர் மட்டுமே இந்த அளவுக்கு எடையைக் குறைப்பார்.

நாடகமாணவன்:
நான் அரங்கநேசன் பக்கம். இதே பாதையில் எல்லைவரை சென்றவர் ஜெர்மனியின் ஓவியரும் நடன வடிவமைப்பாளருமான ஆஸ்கர் ஷ்லெம்மர். 1922இல் ஷ்டுட்கார்ட்டில் அரங்கேறிய அவருடைய 'மும்மை நடனம்' 18 உடைகளையும் 12 நடனங்களையும் கொண்டது. விறைப்பான, உருண்டை வடிவ உடைகள் அனுமதித்த அசைவே அங்கே நடனமானது. அதன் அழகை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அங்கே மனிதர் என்று எவரும் நினைவில் நிற்பதில்லை.

தையல்விரல்:
அது ஷ்லெம்மர் விரும்பித் தேர்ந்த நோக்கம். டேமோரின் நோக்கம் நேர் எதிரானது. அவருடைய ஒட்டகச்சிவிங்கியைப் பாருங்கள். நடனக் கலைஞர் கைகளிலும் கால்களிலும் பொய்க்கால்களைக் கட்டிக்கொண்டு, நீண்ட கழுத்தைத் தலையில் ஏந்தி நடக்கிறார். அவர் சமநிலை தேடித் தயங்கி வைக்கும் அடியே அந்த விலங்கின் நடையாகிறது. இளம் வயதில் இந்தோனேசியாவில் சில ஆண்டுகள் நாடகப் பணி செய்து, ஆட்டுபவரை மறைக்காத பாவைக்கலையையும் முகமூடி நாடகத்தையும் அருகிருந்து பார்த்தவர் அவர். முஃபாசா இறந்தபின் பெண்சிங்கங்கள் தங்கள் கண்களிலிருந்து வெள்ளைத் துணி நாடாக்களை உருவுகின்றன. உருவும் கையின் வேகத்தை நடிகைதான் முடிவு செய்கிறார். துணி அழுவதில்லை, அவர் அழுகிறார்.

அரங்கநேசன்:
அந்த நாடாக் காட்சியின் வலிமையை மறுக்க மாட்டேன், ஏனெனில் அங்கே உடை தன் வேலையை நடிகையின் கையில் ஒப்படைத்துவிடுகிறது. ஸ்காரின் உடை அப்படி ஒப்படைக்கவில்லை என்பதே என் வாதம். ஆண்டுக்கணக்கில் ஓடும் நாடகத்தில் நடிகர்கள் மாறிக்கொண்டேயிருக்க, முகமூடியின் கோணல் மட்டும் மாறாமல் நிற்கிறது. புதிதாக வருபவர் ஸ்காரை ஒரு காயப்பட்ட தம்பியாகக் காட்ட விரும்பினாலும், தலைக்கு மேலிருக்கும் அந்தப் புருவத்தோடு ஒவ்வொரு காட்சியிலும் போராட வேண்டியிருக்கும்.

தையல்விரல்:
அந்தப் போராட்டம்தான் எனக்குப் பிடித்தது. மேலே மாறாத வஞ்சகமும் கீழே கலங்கும் மனித முகமும் சேர்ந்து நின்றால், ஸ்கார் முன்பைவிடச் சிக்கலானவனாகிறான். முகமூடி இல்லாத நடிகரால் இரண்டையும் ஒரே நொடியில் காட்ட முடியாது.